பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மேனிபோல்டு



இரண்டு மாதமாக டீச்சர் எதுவும் எழுதவில்லையே, உடம்பு சரியில்லையா என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மே மாதம் முதல் மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம், மகள் வீட்டில் இருக்கிறேன். எழுதாததற்குக் காரணம், நான் ஒரு கார் ஷெட்டில் வேலையாக இருந்தேன். சிரிக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் மக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதும், குழாய் அளந்து சொன்னதும், கணக்குப் போட்டுக் கொடுத்ததும் வேலைதானே?

பதிவு நீளமானது. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். நம் பள்ளியில் 1994-இல் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் கடைசி வரை கட்டாயம் படிக்க வேண்டும்.

இங்கே பகலில் தெருவில் ஆளே இருக்காது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்திக்குக் கோடை விடுமுறை வகுப்பு. நானும் துவைக்கும் இயந்திரமும்தான் வீட்டில். ஜூன் மாதம் ஒரு நாள் பக்கத்து வீட்டிலிருந்து கிரைண்டிங் மெஷின் சத்தம் கேட்டது. கூடவே வெல்டிங் வாசனை. அந்த வாசனை வந்ததும் எனக்குக் கணபதி ரோடு ஞாபகம் வந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் போய் நின்றேன். ஒரு பெரியவர், 78 வயது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மறுநாள் பேத்தி என்னை அழைத்துப் போய், "இவங்க எங்க அம்மாச்சி, டீச்சர்" என்று அறிமுகப்படுத்தினாள். அன்று முதல் அவரும் என்னை டீச்சர் என்றே கூப்பிடுகிறார். ஏழு கடல் தாண்டி வந்தும் எனக்கு அந்தப் பெயர்தான்.

அவர் ஒரு கார் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் டை அடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷெட்டில் ஒரு 1964 பிளைமவுத் வேலியண்ட் கார் நிற்கிறது. அதன் எஞ்சினுக்குத்தான் சொந்தமாக ஒரு இன்லெட் மேனிபோல்டு செய்துகொண்டிருந்தார். அவர் மனைவி எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். ரிடையர் ஆன ஆண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இப்படித்தான் என்கிற சிரிப்பு. எல்லா ஊரிலும் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

மேனிபோல்டு என்றால் என்ன? மெக்கானிக் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் பெட்ரோல் மட்டும் போனால் எரியாது. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலந்து, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து போகிற குழாய்த் தொகுப்புதான் இன்லெட் மேனிபோல்டு. எஞ்சினுக்கு மூச்சுக்குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காரின் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் உண்டு. நேராக நிற்காமல் 30 டிகிரி சாய்ந்திருக்கும். அதனால் 'ஸ்லான்ட் சிக்ஸ்' என்று பெயர். கொள்ளளவு 225 கன அங்குலம், நம் கணக்கில் 3.7 லிட்டர். நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் எவ்வளவு காற்றை இழுக்கும்? இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் மூச்சு இழுக்கும் என்பதால், 3.7-ஐ 2,000-ஆல் பெருக்க வேண்டும். 7,400 லிட்டர், ஒரே நிமிடத்தில்! நம் எட்டாம் வகுப்பு அறை 20 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடி இருக்கும். அந்த அறையின் காற்று முழுவதையும் இந்த எஞ்சின் பதினைந்து நிமிடத்தில் குடித்துவிடும். இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பெரியவர் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டார். என் கையெழுத்து அமெரிக்காவில் ஒரு கார் ஷெட் சுவரில் தொங்குகிறது.

இந்த எஞ்சினோடு வந்த பழைய மேனிபோல்டில் நடுவில் ஒரே ஒரு சின்ன கார்புரேட்டர். அதற்கு ஒரே வாய். பந்தியில் நடுவில் நின்றுகொண்டு பரிமாறினால் என்ன ஆகும்? நடு இலைக்காரர்களுக்குச் சாம்பார் வழியும், கடைசி இலைக்காரர் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். எஞ்சினிலும் அதே கதைதான். ஓரத்துச் சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகும். போதாததற்கு, பெட்ரோல் துளி காற்றைவிடக் கனமானது. குழாய் வளையும் இடத்தில் காற்று சட்டென்று திரும்பிவிடும், துளி திரும்பாமல் போய்ச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். பஸ் வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் ஒரு பக்கமாகப் போய் விழுவதைச் சொல்லித்தானே உங்களுக்கு நிலைமம் பாடம் நடத்தினேன்? அதேதான். அதனால் மேனிபோல்டு செய்கிறவர்கள் வளைவை முடிந்தவரை அகலமாக வைப்பார்கள், உள்பக்கத்தில் வெல்டிங் பிசிறு நீட்டிக்கொண்டிருக்காமல் அரத்தால் ராவிவிடுவார்கள்.

"கடையில் ரெடிமேடாகக் கிடைக்காதா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் நான் கோயம்புத்தூர்க்காரியே இல்லை. கிடைக்கும் என்றார். அலுமினியத்தில் வார்த்தது, நாலு வாய் கார்புரேட்டர் வைக்கிற மாதிரியே கிடைக்கும் என்றார். "அது வேறு ஒருவர் யோசித்தது டீச்சர். இது தப்பாகப் போனாலும் என் தப்பு" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது பழைய பைத்தியம். பெரியவர் சொன்னதையும், மாப்பிள்ளை நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1932-இல் ஃபோர்டு கம்பெனி, சாமானியர்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் வைத்த காரைக் கொண்டுவந்தது. 65 குதிரைத்திறன். கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்தில் மியூராக் என்ற வறண்ட ஏரிப் படுகை இருக்கிறது. தரை சிமெண்டுத் தளம் போலத் தட்டையாகக் கிடக்கும். கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, மட்கார்டு, போனட் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஏரியில் யார் கார் வேகம் என்று ஓட்டிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் ஹாட் ராட் என்று பெயர். எஞ்சினுக்குச் சுலபமாகத் தெம்பு கொடுக்க ஒரு வழி, அதற்குப் பெரிய மூச்சுக்குழாய் வைப்பது. ஒரு கார்புரேட்டர் இருக்கிற இடத்தில் இரண்டு, மூன்று வைக்கிற மாதிரி மேனிபோல்டு செய்தார்கள். விக் எடெல்பிராக் என்ற கார் மெக்கானிக், தான் வாங்கிய மேனிபோல்டு திருப்தியாக இல்லை என்று 1938-இல் இரண்டு கார்புரேட்டர் வைக்கத் தானே ஒன்றை வடிவமைத்தார். அதற்கு 'ஸ்லிங்ஷாட்' என்று பெயர், நம் கவட்டைதான். நண்பர்கள் எனக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று என்று கேட்க, பின்னாளில் அது பெரிய கம்பெனி ஆயிற்று.

பெரியவருடைய பைத்தியம் தொடங்கியது 1959-இல். அவருக்கு அப்போது 13 வயது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு டெட்ராய்ட்டில் நடந்த தேசியப் பந்தயத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே 'ஹை அண்ட் மைட்டி' என்று ஒரு கார். கிரைஸ்லர் கம்பெனியில் வேலை பார்த்த இளம் எஞ்சினியர்கள் சிலர் 'ராம்சார்ஜர்ஸ்' என்று குழு அமைத்து, வேலை நேரம் போகத் தங்கள் சொந்தக் காசில் செய்த வண்டி. 1949 பிளைமவுத் உடம்பு. அதன் எஞ்சினுக்கு மேலே மேனிபோல்டுக் குழாய்கள் கோபுரம் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். வீட்டில் செய்ததுதான். இணைப்புக்குச் சாதாரண ரப்பர் ஹோஸ்! பார்த்தவர்கள் சிரித்தார்களாம். ஓட ஆரம்பித்ததும் யாரும் சிரிக்கவில்லை என்றார் பெரியவர்.

குழாய் ஏன் அவ்வளவு நீளம்? இங்கேதான் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஏனென்றால் இது நான் இருபது வருடம் நடத்திய பாடம். சோதனைக் குழாய்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி வாயால் ஊதிக் காட்டுவேனே, காற்றுத் தம்பத்தின் நீளத்துக்கு ஏற்றபடி ஒலி மாறும் என்று? வால்வு திறந்து பிஸ்டன் கீழே இறங்கும்போது குழாயில் அழுத்தம் குறைந்த அலை ஒன்று கிளம்பி வெளியே ஓடும். குழாயின் திறந்த வாயை அடைந்ததும் அது அழுத்தம் கூடிய அலையாகத் திரும்பி வரும். வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால், கூடக் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிட்டுப் போகும். காசில்லாமல் கிடைக்கிற பம்ப்! குழாய் 75 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர ஒன்றரை மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். எடுக்கும் நேரம் 0.0044 வினாடி. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 0.02 வினாடி. ஆக, அலை போய்த் திரும்புவதற்குள் எஞ்சின் சுமார் 80 டிகிரி சுற்றியிருக்கும். எந்த வேகத்தில் இந்த உதவி வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி நீளத்தை வைக்க வேண்டும். மெதுவான வேகத்துக்கு நீளக் குழாய், அதிவேகத்துக்குக் குட்டைக் குழாய்.

கிரைஸ்லர் கம்பெனியே 1960-இல் 300எஃப் என்ற காரில் 30 அங்குலக் குழாய் வைத்து விற்றது. பந்தயக்காரர்களுக்காக அதே மேனிபோல்டில் உள்ளே இருந்த நடுச்சுவரைப் பாதி வெட்டி எடுத்துவிட்டு, குட்டைக் குழாய் ஆக்கினார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த ஸ்லான்ட் சிக்ஸுக்கும் அந்த வருடமே 'ஹைப்பர் பேக்' என்று ஒரு நீளக்குழாய் மேனிபோல்டும் நாலு வாய் கார்புரேட்டரும் சேர்த்து விற்றார்கள். 170 கன அங்குல எஞ்சின் 101 குதிரைத்திறனிலிருந்து 148-க்குப் போயிற்று. பெரியவர் செய்ய நினைத்தது அதன் தம்பி. குழாய் 14 அங்குலம். அதற்கு மேல் போனட்டுக்குள் இடமில்லை.

எப்படிச் செய்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சின் ஹெட்டின் பேக்கிங்கை முக்கால் அங்குல இடைவெளி விட்டு... இல்லை, நான் தப்பாகச் சொல்கிறேன், மேலே பேத்தி திருத்துகிறாள். பேக்கிங்கை அப்படியே பத்து மில்லி இரும்புப் பட்டையின் மேல் வைத்துக் கோடு வரைந்து, துளை போட்டு, அரத்தால் ராவினார். இதுதான் பிளேஞ்ச். ஆறு வளைவுக் குழாய்களை வெட்டி, நுனியை ஹெட்டில் உள்ள துளையின் வடிவத்துக்குத் தட்டி, பிளேஞ்சில் நிறுத்திப் புள்ளி வெல்டிங் வைத்தார். மறுமுனை ஆறும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் போகும். பெட்டியின் தலையில் கார்புரேட்டர். பழைய மேனிபோல்டுக்கு எக்ஸாஸ்ட் சூடு அடியில் கிடைத்துவந்தது, பெட்ரோல் ஆவியாக அது உதவும். புதியதில் அது கிடையாது. அதனால் பெட்டிக்கு அடியில் இன்னொரு தகடு வைத்து மூடி, ரேடியேட்டர் வெந்நீர் ஓட வழி செய்தார். மிச்சிகன் குளிரில் அது இல்லாவிட்டால் காலையில் வண்டி இருமிக்கொண்டே நிற்குமாம்.

ஜூலையில் முழு வெல்டிங் முடிந்தது. மறுநாள் போனேன். பெரியவர் முகம் சரியில்லை. பிளேஞ்சின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துக் காட்டினார். அடியில் வெளிச்சம் தெரிந்தது. வெல்டிங் குளிரும்போது சுருங்கும். குழாய் இருக்கும் பக்கமே சூடு வாங்கியதால் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டு ஓரமும் மேலே தூக்கிவிட்டது. வெயிலில் போட்ட வாழை இலை மாதிரி. ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். ஒன்றரை மில்லிமீட்டர். அந்தச் சந்து வழியாக வெறும் காற்று உள்ளே போனால் ஓரத்துச் சிலிண்டர்களில் பெட்ரோல் விகிதம் குறைந்து, சூடேறி, வால்வே எரிந்துவிடும். ஆறு வாரத்து வேலை. அவர் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்போதுதான் அவன் ஞாபகம் வந்தது.

அவன் பெயரை எழுதவில்லை. அனுமதி கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேண்டாங்க" என்றான். 1994 செட்டுக்காரர்களுக்கு எழுதாமலேயே தெரியும். இன்று கணபதியில் சொந்தமாக ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறான், எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். தினமும் காலை ஐந்தரைக்கு எனக்குப் பூப் படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புவான். நான் ஒரு கும்பிடு போடுவேன். அதற்கு மேல் பேசியதில்லை. பேசாததற்குக் காரணம் என் பக்கம்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு, நம் ஊரில் மாலை ஆறு மணி, ஷெட்டில் நின்றுகொண்டு அவனை வீடியோவில் கூப்பிட்டேன். பதறிவிட்டான். "டீச்சர், நல்லா இருக்கீங்களாங்க? ஏதாச்சும் அவசரங்களா?" அவசரம் இல்லையப்பா, ஒரு பிளேஞ்ச் வளைந்துவிட்டது என்றேன். ஒரு வினாடி சத்தமே இல்லை. பிறகு, "காட்டுங்க டீச்சர்" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். எனக்கு இரண்டு பக்கத்து வார்த்தையும் அரைகுறை. "டேக் எத்தனை எடத்துல வெச்சாருன்னு கேளுங்க." "வெல்டிங் அடிக்கறப்ப கனமான எதுலயாச்சும் போல்ட் போட்டு இறுக்கி வெச்சிருந்தாருங்களா?" பெரியவர், பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றில் இறுக்கித்தான் செய்தேன், ஆறிய பிறகுதான் கழற்றினேன் என்றார். "அப்படி இறுக்கினாலும் கழட்டுனதும் எந்திரிக்குங்க டீச்சர். நாங்க நடுவுல சன்னமா ஒரு ஷிம் குடுத்து, ரெண்டு ஓரத்தையும் கீழ இறுக்கி, முன்னாடியே எதிர்ப்பக்கமா வளைச்சு வெச்சிருவோம். சுருங்கறப்ப நேரா வந்திரும்." நான் இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினேன். பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருக்கு அது தெரியும். போல்ட்டை நம்பி விட்டுவிட்டிருக்கிறார்.

"இப்ப ஆனது ஆயிப்போச்சுங்க. என்ன பண்ணப் போறாரு?" பெரியவர் ஆக்சா பிளேடை எடுத்து, பிளேஞ்சில் ஒவ்வொரு குழாய்க்கும் நடுவில் வைத்துக் காட்டினார். துண்டு துண்டாக அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டையாக உட்காரும், வளைவு செத்துவிடும். அவன் சிரித்துவிட்டான். "அதேதாங்க டீச்சர்! நாங்களும் அப்படித்தான் பண்ணுவோம்." இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு சொல் புரியாது. நடுவில் நான் ஒருத்திதான் விஷயம் தெரியாதவள்.

பெரியவர் காபி எடுக்க உள்ளே போனார். நான் போனை அணைக்கவில்லை.

1994 அரையாண்டுத் தேர்வு. கணக்கில் அவன் 11 மதிப்பெண். நோட்டைப் புரட்டினால் கடைசிப் பக்கங்கள் முழுக்கப் படம். லேத்தின் சக், டூல் போஸ்ட், பல்சக்கரம், எல்லாம் அளவோடு. நான் அந்த நோட்டை வகுப்பு முழுவதும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, "நீயெல்லாம் லேத்துப் பட்டறைக்குத்தான் லாயக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, சிரிக்க வைத்தவள் நான். அவன் அப்பா லேத்தில் வேலை பார்ப்பவர் என்பது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட வரச் சொன்னால் வேலை உடுப்போடு, முடியில் இரும்புத் தூளோடு வந்து, கையைத் துடைத்துத் துடைத்து நிற்பார். தெரிந்துதான் சொன்னேன். எட்டாவது முடித்ததும் அவன் ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை. வீட்டுக் கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதையெல்லாம் போனில் அவனிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றேன்.

"ஞாபகம் இருக்குதுங்க டீச்சர்" என்றான். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் எப்படியும் பட்டறைக்குத்தான் போவேன்னு எனக்கே தெரியுமுங்க. அன்னைக்கு ராத்திரி அப்பா, கணக்கு நோட்டப் பாத்துட்டு டீச்சர் என்ன சொன்னாங்கன்னு கேட்டாரு. நானும் சின்னப் பையன், சொல்லிப் போட்டேன். பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டாருங்க."

அப்பா இருக்கிறாரா என்று கேட்டேன்.

"2011-ல தவறிட்டாருங்க."

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. ஒன்பதாவது சேராதது அதனால்தானா என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க, கீழ ரெண்டு தங்கச்சிங்க இருந்தாங்கல்லங்க" என்றான். உண்மையாகச் சொன்னானா, எனக்காகச் சொன்னானா, தெரியவில்லை. பெரியவர் காபியோடு வருவதைப் பார்த்துவிட்டு அவனே பேச்சை மாற்றினான். "டீச்சர், அவர எஞ்சின் மேல வெச்சு அறுக்க வேண்டாம்னு சொல்லுங்க. தூளு உள்ள போயிரும். பெஞ்சுல வெச்சு அறுக்கட்டும்." நான் மொழிபெயர்த்தேன். குரல் நடுங்கியதைப் பெரியவர் கவனித்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. காபியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பெஞ்சில் வைத்து அறுத்தார். ஐந்து வெட்டு. ஒவ்வொரு துண்டையும் தட்டையான கண்ணாடி மேல் எமரித் தாள் ஒட்டி, அதில் தேய்த்துச் சமப்படுத்தினார். கசிவு பார்க்கும் நாள் எனக்கும் வேலை. எல்லாத் துளைகளையும் ரப்பரும் மரப்பலகையும் வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று விட, நான் மக்கிலிருந்து சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினேன். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவது போலத்தான். நாலாவது குழாயின் அடியில் குமிழ் வந்தது. கண்டுபிடித்தது நான்! இன்னொன்று பெட்டியின் மூலையில். இரண்டையும் அரைத்துவிட்டு மறுபடி வெல்டிங்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் எஞ்சின் ஓடியது. முதலில் ஒரு பெரிய தும்மல். கார்புரேட்டர் வாய் வழியாக நெருப்பு வந்து, என் சேலைத் தலைப்பைப் பேத்தி பிடித்து இழுத்தாள். பற்றவைக்கும் நேரத்தைக் கொஞ்சம் திருத்தினார். பிறகு பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரும் ஒரே சீராக. முன்பு எந்தச் சத்தம் போட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், நாதஸ்வரக் கச்சேரியில் சிலர் உட்கார்ந்திருப்பார்களே அப்படி. ஸ்பார்க் பிளக் ஆறையும் கழற்றி வரிசையாக வைத்துக் காட்டினார். ஆறும் ஒரே நிறம், வெளிர் பழுப்பு. கடைசி இலைக்கும் சாம்பார் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை இங்கே உட்வர்டு அவென்யூவில் பழைய கார்களின் பெரிய ஊர்வலம். 1995-இலிருந்து ஆகஸ்டில் நடந்துவருகிறது. பெரியவரும் அவர் மனைவியும் முன்னால், நானும் பேத்தியும் பின்னால். தேர்த் திருவிழாக் கூட்டம், ஆனால் எல்லாம் தேர்கள். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அவனுக்கு அனுப்பினேன். மூன்று முறை கேட்டேன் என்று எழுதியிருந்தான். அந்த மேனிபோல்டின் படம் இப்போது அவன் பட்டறைச் சுவரில் இருக்கிறதாம்.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஊருக்கு வருகிறேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கணபதிக்குப் போகிறேன். அவன் அம்மா இருக்கிறார், அவரைப் பார்க்க வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. பெரியவர் தன் கையால் அறுத்த அந்த ஆக்சா பிளேடையும், பித்தளை ஷிம் ஒரு சுருளையும் அவனுக்குக் கொடுக்கச் சொல்லித் தந்திருக்கிறார். பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார்.

வருகிறேன் என்று சொன்னதும் அவன் அனுப்பிய பதில் இது: "வாங்க டீச்சர். நல்ல சேலை கட்டிட்டு வராதீங்க, கிரீஸ் படும்."